பஸ் நிற்காத நிழற்குடை

"இந்தப் பைத்தான் வாய் கூசாம பொய் சொல்லுது டீச்சர்."

செல்லையா ஓய்வு பெற்ற கண்டக்டர். மகள் வயசுள்ள ஷபீனாவிடம் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழி படிக்கிறார். டீச்சர் என்றால் டீச்சர்தான். அவள் முன்னால் நாற்காலியில் சாய்ந்துகூட உட்கார மாட்டார்.

"என்ன பொய், அண்ணாச்சி?"

"பேசுற பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணினா, 'ஆயிட்டு'ங்குது. புரோகிராமை ஓட்டினா, 'அப்படி ஒண்ணு இல்லவே இல்லை'ங்குது. அழிச்சிட்டு மறுபடி போட்டேன். அதே பாட்டு."

"எங்க போட்டீங்க?"

"டிப்போக்காரங்க பஸ்ஸில மாட்டக் கொடுத்த கம்ப்யூட்டர் பெட்டியாச்சே. உள்ள இருக்கிற எதையும் தொடக்கூடாதுன்னுட்டாங்க. தனியா ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதுல போட்டேன். பத்திரமா இருக்கு, கண்ணால பார்த்தேன்."

நாளைக் காலையில் டவுன் பஸ்ஸில் அந்தப் பெட்டி, செல்லையா எழுதிய புரோகிராம்படி, ஒவ்வொரு ஸ்டாப்பின் பேரையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கழற்றிவிடுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. பார்வை போனதிலிருந்து பஸ் ஏறாத தங்கபுஷ்பம், அவர் வீட்டுக்காரி, நாளைக்கு வருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள்.

ஷபீனா எழுந்தாள். ரோட்டைத் தாண்டினாள். எதிரே புதிதாகக் கட்டியிருந்த நிழற்குடையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

செல்லையா பின்னாலேயே ஓடினார்.

"இங்க என்ன டீச்சர்?"

"பஸ்ஸுக்கு இருக்கேன்."

ஒரு பஸ் போயிற்று. நிற்கவில்லை. இன்னொன்றும் அப்படியே.

செல்லையாவுக்குச் சிரிப்பு. "பொழுது அடையுறவரை இருந்தாலும் நிக்காது. நிழற்குடையைக் கட்டினாங்களே தவிர, ரூட்டுல இந்த ஸ்டாப்பைச் சேர்க்கலை. டிரைவருக்கு எப்படித் தெரியும்?"

"கட்டடம் நல்லாத்தானே இருக்கு, அண்ணாச்சி?"

"கட்டடம் இருந்து என்ன டீச்சர், ரூட்டுல..."

வாய் அப்படியே நின்றது.

வந்த வேகத்தைவிட வேகமாகத் திரும்பி ஓடினார். பைத்தான் தேடிப் போகும் இடங்களின் வரிசையில் தன் ஃபோல்டரின் பாதையையும் எழுதிச் சேர்த்தார். ஓட்டினார்.

பெட்டி பேசியது.

ஷபீனா வாசலில் நின்று கேட்டாள். முகமெல்லாம் பெருமை.

"யாருகிட்ட படிச்சீங்கன்னு கேட்டா, மறக்காம என் பேரைச் சொல்லுங்க."

மறுநாள் டவுன் பஸ். தங்கபுஷ்பத்தை சீட்டில் உட்காரவைத்து, கையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார் செல்லையா.

"அடுத்த நிறுத்தம், மார்க்கெட்" என்றது பெட்டி, கணீரென்று.

"பார்த்து, மெல்ல எந்திரி..."

"கையை விடுங்க" என்றாள் தங்கபுஷ்பம், எழுந்தபடியே. "அதான் சொல்லிட்டுல்லா. நான் இறங்கிக்கிடுவேன்."