பட்டத்துக்குப் போட்ட இலை

ஒரு காலத்தில் வேங்கைக்காட்டு நாட்டைத் தீரமகுடன் என்றொரு அரசன் ஆண்டான். ஆண்டான் என்று சொல்வது மரியாதைக்கு. பட்டம் கொடுப்பதுதான் அவன் பார்த்த வேலை. அழகாகத் தும்மினால்கூடப் பட்டம்.

அவன் அவையில் குப்பாண்டி என்று ஒருவன். வாய் வலிக்கப் புகழ்ந்தே ‘சகலகலா சாகரசிங்கம்’ ஆனவன். அதைச் சரிகையில் பொறித்த பட்டுத்துண்டைத் தூங்கும்போதும் கழற்றமாட்டான். அரசனை நச்சரித்து ஒரு சட்டமும் வாங்கிவிட்டான்: அரண்மனைக்குள் யாரையும் பேர் சொல்லி அழைக்கக் கூடாது. பட்டம் இருந்தால் பட்டம். இல்லாதவனுக்கு ‘ஏய்’ போதும். மீறினால் சவுக்கடி.

மடைப்பள்ளியில் சமைக்கும் அங்காயி குப்பாண்டி பிறந்த தெருக்காரி. ஒருநாள் பழக்கதோஷத்தில், “குப்பாண்டி, பணியாரம் சூடா இருக்கு, வாடா” என்றுவிட்டாள்.

அவ்வளவுதான். இழுத்துவந்து அவைத் தூணில் கட்டினார்கள்.

“இன்றைக்கு அரண்மனை விருந்து முடிந்ததும் இவளுக்குச் சவுக்கடி. அப்படியே ஊரை விட்டு விரட்டணும் அரசே!” என்று குதித்தான் குப்பாண்டி.

அமைச்சர் பூவராகன் எழுந்தார். “உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் என்னப்பா?”

“பேரை எவன் மதிக்கிறான்? மரியாதை எல்லாம் பட்டத்துக்குத்தான். உமக்குப் பொறாமை!”

“சரி, பட்டத்துக்கே மரியாதை செய்வோம். அரசே, விருந்து முடியும்வரை அந்தப் பட்டுத்துண்டு உங்கள் சண்டைக்கடாவின் கழுத்தில் கிடக்கட்டுமே?”

வேடிக்கை என்றால் அரசனுக்கு உயிர். “கட்டுங்கடா!” என்றான்.

விருந்துக்கு இலை போட்டாயிற்று. கட்டியக்காரன் கூவினான்: “சகலகலா சாகரசிங்கம் வருக!”

குப்பாண்டி ஓடினான். காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். “ஏய், தள்ளி நில்லு. சிங்கம் வருது.”

கடா உள்ளே போனது. குப்பாண்டியின் இலையில் வாய் வைத்தது. நேற்றுவரை அவன் காலில் விழுந்தவர்கள் அதற்கு விசிறினார்கள்.

“ஏய், தண்ணி எடு.” “ஏய், ஆட்டுப் புழுக்கையை அள்ளு.”

அள்ளினான். இரண்டாம் கை அள்ளும்போது தாங்கவில்லை. “அரசே! என்ன ஏய், ஏய்? எனக்குப் பேர் இருக்கு!”

“அதைத்தானே அங்காயி சொன்னாள்?” என்றார் அமைச்சர்.

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். அங்காயியின் கட்டை அவிழ்க்கச் சொன்னான். சட்டத்தைக் கிழித்தான். தன் கை வளையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான்.

அங்காயி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே ஒரு இலையை விரித்தாள். “எலே குப்பாண்டி, கையைக் கழுவிட்டு வா.”

“வந்துட்டேன் அக்கா” என்று ஓடினான் அந்த வெட்கங்கெட்டவன். வாய் நிறையப் பணியாரத்தோடு, பட்டுத்துண்டு எங்கே என்று திரும்பிப் பார்த்தான்.

கடா அதைப் பாதி மென்றிருந்தது.