நிஸாவின் லாரியில் மூன்று நாள்

"வீடு எங்க வாங்கலாம்? அத மட்டும் சொல்லும்மா" என்றார் இஞ்ஞாசி.

நிஸா ஒரு ஃபிரிட்ஜுக்குக் கம்பளி சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சை இறுக்கிவிட்டு அவர் காலைப் பார்த்தாள்.

"இந்தச் செருப்பு ஆகாது அண்ணாச்சி. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வேற போட்டுட்டு வாங்க."

அவ்வளவுதான். அடுத்த சாமானுக்குப் போய்விட்டாள்.

அந்த வளைகுடா நகரத்தில் வருடத்துக்கு ஒரு புதுப் பகுதி மணலிலிருந்து எழுந்தது. வீடு விற்பதற்கு ஆயிரம் பேர் இருந்தார்கள். அத்தனை பேரையும் பார்த்துவிட்டுத் தமிழர்கள் கடைசியில் நிஸாவிடம் வருவார்கள்.

நிஸா தரகர் இல்லை. வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவள் தொழில். ஊர் காயல்பட்டினம். வயது நாற்பத்தொன்று. ஐந்து லாரி வைத்திருந்தாள்.

அவள் யாரிடமும் ஓர் இடத்தின் பெயரைச் சொன்னதில்லை. ஆனாலும் அவளிடம் போனவர்கள் இடம் தெரிந்தே திரும்பினார்கள்.

இஞ்ஞாசிக்கு ஐம்பத்தேழு வயது. மணப்பாட்டுக்காரர். இருபத்தேழு வருடம் அந்த நகரத்தின் வானத்தில், டவர் கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவர்.

"இங்க நிக்கிற கோபுரத்துல பதினாலு நான் ஏத்தினது" என்பார். பொய் இல்லை.

அடுத்த மாதம் ஓய்வு; இப்போது மிச்சமிருந்த விடுப்பில் இருந்தார். சேர்த்தது எல்லாவற்றையும் போட்டால் ஒரு சின்ன வீடு வரும். சொந்த வீடு இருந்தால் அவரும் மனைவி பிலோமியும் அங்கேயே தங்க அனுமதி கிடைக்கும். இத்தனை வருடத்தில் பிலோமியோடு அவர் இருந்ததெல்லாம் விடுமுறை மாதங்கள்தான்.

அவர் பையில் இரண்டு விளம்பரப் புத்தகங்கள் இருந்தன. ஒன்று கடலோரக் கோபுரம், முப்பத்தெட்டாவது மாடி. இன்னொன்று பாலைவன ஓரத்தில் ஒரு புதுப் பகுதி. ஐந்து வருடத்தில் விலை இரண்டு மடங்கு என்று தரகர் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை மாலைக்குள் முன்பணம் கட்ட வேண்டும்.

அன்று திங்கள்.

செவ்வாய் காலை லாரி கடலோரக் கோபுரத்தின் முன்னால் போய் நின்றது. இஞ்ஞாசி அண்ணாந்து பார்த்தார். அதன் உச்சிக்குக் கடைசி இரும்பை ஏற்றியவர் அவர்.

"இது நம்ம கட்டினது" என்றார் நிஸாவிடம்.

"பின்பக்கம் வாங்க. சாமான் லிஃப்ட் அங்க இருக்கு."

லிஃப்டுக்காக நாற்பது நிமிடம் நின்றார்கள்.

வீடு முப்பத்தோராவது மாடியில். கடலைப் பார்த்த பெரிய ஜன்னல் முழுக்க வெள்ளித் தாள் ஒட்டியிருந்தது. வெயிலுக்கு. கடல் தெரியவில்லை.

"எதுக்கு இப்படி..." என்று ஆரம்பித்தார்.

"தூக்குங்க அண்ணாச்சி."

அலமாரியை நகர்த்தியபோது ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில் காற்று விசிலடித்தது. விரலை வைத்துப் பார்த்தார். அதைக் கட்டிய கோடை அவருக்கு ஞாபகம் வந்தது. அவசர அவசரமாக நாலு நாளைக்கு ஒரு தளம். மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

விரலை எடுத்துக்கொண்டு அலமாரியைத் தூக்கினார்.

கிளம்பும்போது கேட்டார். "இங்க அடிக்கடி வருவியாம்மா?"

"இந்த வாசலுக்கு என் லாரி தானாத் திரும்பும்" என்றாள் நிஸா.

புதன்கிழமை பாலைவன ஓரம்.

கட்டடம் நன்றாக இருந்தது. இஞ்ஞாசி சுவரைத் தட்டினார். தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். தொழில் தெரிந்தவன் கட்டியிருக்கிறான்.

வீட்டிலிருந்தது ஒரு இளம் தம்பதி. வந்து ஏழு மாதம். போகிறார்கள்.

"நல்ல வீடாச்சே, ஏம்மா போறீங்க?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டார்.

"ஒரு கொத்துக் கருவேப்பிலை வேணும்னா கார் எடுக்கணும் அண்ணா."

"அஞ்சு வருசத்துல கடையெல்லாம் வந்துரும்."

"வரும்ணா. நாங்க இன்னைக்குச் சமைக்கணுமே."



கண்ணாடித் தம்ளர்களைக் கட்டும்போது தாள் தீர்ந்துபோனது. நிஸா சுற்றுமுற்றும் பார்த்தாள். இஞ்ஞாசியின் பையிலிருந்து இரண்டு விளம்பரப் புத்தகங்களையும் உருவினாள். ஒவ்வொரு பக்கமாகக் கிழித்துத் தம்ளர்களைச் சுற்றினாள்.

"அம்மா, அது நான் வீடு பாக்க வச்சது."

"நல்ல தாள் அண்ணாச்சி. கெட்டியா இருக்கு. ஒண்ணும் உடையாது."

இஞ்ஞாசியின் முகம் சிவந்தது. கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"நான் சுமை தூக்க வரல. ஒரு வார்த்தை கேக்க வந்தேன். பதினாலு கோபுரம் ஏத்தினவன் நான். எனக்கும் ஒரு மரியாதை உண்டு."

"அதானே" என்றாள் நிஸா. "பதினாலு ஏத்தினவருக்கு நான் என்னத்தச் சொல்ல?"

கடைசித் தம்ளரையும் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

அன்று அவர் லாரியில் ஏறவில்லை. பெரிய சாலை வரை நடந்து, ஒரு டாக்சி பிடித்துத் தங்குமிடத்துக்குப் போனார். அவள் கேலி செய்துவிட்டாள் என்றுதான் நினைத்தார்.

தரகர் தொலைபேசியில் வந்தார். "சார், நாளைக்கு எத்தன மணிக்கு?"

"சாயங்காலம்" என்றார்.

ஆனால் வியாழன் காலை ஆறு மணிக்கு லாரிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். எடுத்த வேலையைப் பாதியில் விட்டு அவருக்குப் பழக்கமில்லை. நிஸா கையுறையை நீட்டினாள்.

அன்றைய வீடு வசுமதியுடையது. கும்பகோணத்துப் பெண். மருந்துக்கடையில் வேலை. இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு ஒரு மாமியார். குடியிருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். அடுத்த வீடு இன்னும் அமையவில்லை. சாமான்களெல்லாம் நிஸாவின் கிடங்குக்குப் போவதாக இருந்தது.

இரண்டு மூன்று பெட்டிகள் தவிர எல்லாம் ஏற்றியானது. மாமியார் ஒரு நாற்காலியில் வாசலில் உட்கார்ந்திருந்தார். இஞ்ஞாசி ஓர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து தேநீர் குடித்தார்.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க" என்றார் வசுமதி, நிஸாவிடம். "ஒரு வாரமா அலையறேன். இந்தத் தடவ சொந்தமாவே வாங்கிடலாம்னு இருக்கோம். எந்தப் பக்கம் போறது?"

நிஸா இஞ்ஞாசியைக் காட்டினாள்.

"அவுகள்ட்ட கேளுங்க. இந்த ஊரக் கட்டினவுக."

வசுமதி திரும்பினார். தோள்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்தார். எதிரில் இன்னொரு பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

இருபத்தேழு வருடத்தில் இஞ்ஞாசி சொல்வதை எழுதிக்கொள்ள ஒருவர் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

தேநீரைக் கீழே வைத்தார்.

"அத்தையால எத்தன படி ஏற முடியும்?"

"மெதுவா ஏறினா இருபது."

"பிள்ளைங்க எங்க படிக்குது?"

சொன்னார்.

"நீங்க வேலை முடிஞ்சு வர்றப்ப மணி என்ன ஆகும்?"

"ஒன்பது."

"நடந்தா வருவீங்க?"

"நடந்துதான் வருவேன்."

இஞ்ஞாசி யோசிக்கவே இல்லை.

"பழைய மீன் சந்தைக்குப் பின்னால ஒரு கட்டடம் இருக்கு. ஒன்பது மாடி. வெளிறின பச்சை. பளபளப்பு ஒண்ணும் இருக்காது. கண்ண மூடிட்டு அங்க போங்க."

"அங்க என்ன விசேஷம்?"

"நான் இந்த ஊருக்கு வந்து ஏறின முதல் கிரேன் அதுதான். ஜூலை மாசம். காங்கிரீட் கலவை லாரிக வழியில மாட்டிக்கிட்டு ரெண்டு மணி நேரம் பிந்தி வந்துச்சு, வெயில்ல கலவை இறுக ஆரம்பிச்சிருச்சு. கீழ ஒரு தூணுக்குக் கலவையும் ஊத்திட்டாங்க. ஹானின்னு ஒரு இன்ஜினியர். பாலஸ்தீனப் பையன். ஒரு கை அள்ளிப் பாத்தான். வேண்டாம்னுட்டான். லாரி அத்தனையும் திருப்பி அனுப்பிட்டான்."

"அப்புறம்?"

"முதலாளியோட ஆளுக வந்து கத்துறாங்க. இவன் அந்தத் தூணுக்குப் பக்கத்துல தரையில உக்காந்துட்டான். மறுநாள் அத உடைக்கச் சொன்னான். உடைச்சு, புதுசாக் கம்பி கட்டி, திரும்ப ஊத்தினோம். ஒரு தூணுக்கு நாலு நாள். நான் மேல சும்மா உக்காந்துக்கிட்டு அவனத் திட்டினேன்."

சிரித்தார்.

"அந்தக் கம்பிய இறக்கினது நான்தான். இன்னைக்கு வரைக்கும் அந்தக் கட்டடத்துல ஒரு கீறல் கிடையாது. அந்தப் பக்கம் போனா ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டுத்தான் வருவேன். நல்லா நிக்குது. எங்க கட்டடம் அது."

வசுமதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிஸாவைப் பார்த்தார்.

"அக்கா, உங்களுக்கு அந்த இடம் தெரியுமா?"

"தெரியும். பதினாறு வருசத்துல அங்க எனக்கு ரெண்டே வேலைதான் வந்துச்சு. ரெண்டும் கல்யாணம் முடிஞ்சு போற பொண்ணுங்க சாமான். மத்தவங்க யாரும் காலி பண்ண மாட்டேங்கிறாங்க."

"அப்போ வீடு கிடைக்குமா?"

"முதல் மாடியிலயும் ரெண்டாவதுலயும் ஒவ்வொண்ணு விலைக்கு வந்திருக்குன்னு காவலாளி சொன்னாரு. பெரியவங்க ஊரோட போறாங்களாம்."

இஞ்ஞாசி சொன்னார்: "காலையில மீன் சந்தையில கூட்டம் இருக்கும். பேரம் பேசி வாங்கலாம். பக்கத்துலயே பஸ். கோயில், சர்ச்சு, பள்ளிவாசல் எல்லாம் ஒரே தெரு தள்ளி. பொம்பளையாளுக தனியாப் போய்ட்டு வரலாம். மொழி தெரியலன்னாக்கூட ஒண்ணும்..."

அங்கே நிறுத்திவிட்டார்.

மொழி தெரியாதது வசுமதிக்கு இல்லை. வசுமதிக்கு நாலு மொழி தெரியும்.

பிலோமிக்குத்தான் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. பிலோமிதான் வாழ்க்கையில் லிஃப்டில் ஏறியதே இல்லை. பிலோமிதான் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டாள்.

சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தார். தரகர். அணைத்து உள்ளே வைத்தார்.

நிஸா லாரியின் பின்கதவைச் சாத்திக் கொக்கி போட்டாள். அவரைப் பார்க்கவில்லை.

வசுமதி பேனாவோடு காத்திருந்தார்.

"சொல்லுங்க அண்ணா. எத்தனாவது மாடியில பாக்கட்டும்?"

இஞ்ஞாசி எழுந்து நின்றார். கையுறையைக் கழற்றினார்.

"முதல் மாடி பாருங்க. அத்தைக்கு நல்லது. ரெண்டாவது மட்டும் வேண்டாம்."

"ஏன், அதுல எதாவது குறையா?"

"குறையெல்லாம் இல்லம்மா" என்றார். "அது எங்க வீடு."