பச்சைக்கறி நாய்களும் களி நாய்களும்

முன்னொரு காலத்தில் கரடிமடையைத் தலைநகராகக் கொண்டு இடும்பவர்மன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். கொடியவன் அல்லன், நிலையற்றவன். காலையில் இட்ட ஆணையை மாலையில் நீக்கி அறைவதற்கென்றே தனியாக ஒரு முரசறைவோனை அமர்த்தியிருந்தான். அந்த முரசறைவோனுக்கு ஓய்வு கிடைத்ததாக எந்த ஊரிலும் சொல்வதில்லை.

அரசனிடம் இருபது வேட்டைநாய்கள் இருந்தன. அவற்றைப் பேணியவள் காத்தாயி என்னும் கைம்பெண். நாய்க்கொட்டடியை ஒட்டிய குடிசையே அவளுக்கு வீடு. நாள்தோறும் கம்பு இடித்துக் களி கிண்டி, வெந்த இறைச்சியைச் சிறிது பிசைந்து, மோர் ஊற்றி ஊட்டுவாள். ஒவ்வொரு வேட்டையின் முடிவிலும் அரசன் முதல் தாம்பூலத்தை அவளுக்குத் தருவான். இரண்டாவது, அவைப்பெரியவரான திருமேனிராயருக்கு. பதினோராண்டு இரண்டாம் தாம்பூலம் வாங்கியதில் ராயருக்கு வெற்றிலையே கசந்துபோயிற்று.

ஒருநாள் அவர் அவையில் எழுந்தார்.

"மன்னா, நாயின் மூதாதை யார்?"

"தெரியாதே."

"ஓநாய். ஓநாய்க்கு எவரேனும் களி கிண்டிக் கொடுத்ததுண்டா?"

அரசன் நெடுநேரம் சிந்தித்தான். "கேள்விப்பட்டதில்லை."

"அது பச்சை இறைச்சி தின்கிறது, காற்றாய்ப் பறக்கிறது. நம் நாய்களோ மோர் குடித்துவிட்டுக் கன்றுக்குட்டிபோல் படுத்திருக்கின்றன. இது இயற்கைக்கு மாறு."

அரசன் காத்தாயியை அழைத்துவரச் செய்தான். "காத்தாயி, ஓநாய்க்கு யார் களி கிண்டுகிறார்கள்?"

"ஒருவரும் இல்லை மகாராசா. அதனால்தான் அது காட்டில் கிடக்கிறது. இவை நம் வாசலில் கிடக்கின்றன."

அவை சிரித்தது. ராயர் சிரிக்கவில்லை. "வாய் வல்லமையால் நாய் ஓடாது. பத்து நாய்களை என்னிடம் தாருங்கள். ஒரு மண்டலம் பச்சைக்கறி ஊட்டுகிறேன். மற்றப் பத்துக்கு இவள் களி ஊட்டட்டும். பிறகு வேட்டையில் பார்த்துக்கொள்வோம்."

"நன்று," என்றான் அரசன். "காத்தாயி தோற்றால் குடிசையை விட்டு நாட்டெல்லையைக் கடக்கவேண்டும். ராயர் தோற்றால்..."

"நான் தோற்கமாட்டேன், மன்னா."

"அப்படியானால் அதைப் பின்பு யோசிப்போம்."

ராயர் சிறந்த பத்தைப் பொறுக்கிக்கொண்டார். அரசனின் செல்லநாய் அம்பும் அவற்றுள் ஒன்று. எஞ்சியவற்றில் ஒன்று நொண்டி. இரண்டுக்குப் பல்லே இல்லை. காத்தாயி அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டுக் கைகூப்பினாள்.

"ஒரே விண்ணப்பம். எது முந்தி ஓடிற்று, எது முந்திப் பிடித்தது என்று பார்த்தால் வழக்கு வளரும். மகாராசாவின் கைக்கு வந்து சேரும் முயலை மட்டும் எண்ணவேண்டும்."

"பிடித்த முயல் வேறெங்கே போகுமாம்?" என்றார் ராயர்.

"எனக்கு அவ்வளவு அறிவு ஏது சாமி? ஓலையில் எழுதிவிடட்டும்."

எழுதினார்கள். ராயரே கையொப்பமிட்டார்.

உள்ளதைச் சொல்லவேண்டும்: ராயரின் நாய்கள் மின்னின. இயற்கை முறை முழுமையாக அமையவேண்டுமென்று அவர் தோலுரிக்காத முயல்களையே அவற்றின் முன் எறியச் செய்தார். ஒரு மண்டலத்தில் அவற்றின் தொடை திரண்டது; ஓட்டம் இரட்டித்தது. கொட்டடிக் காவலன் காத்தாயியிடம், "அக்கா, சட்டிபானையைக் கட்டிவை" என்றான். அவள் கட்டியும் வைத்தாள்; களி கிண்டும் பானையை மட்டும் கட்டவில்லை.

வேட்டைநாள் வந்தது. நாய்களை அவிழ்த்துவிட்டார்கள். களி நாய்கள் வாய்க்காலைத் தாண்டுமுன் ராயரின் நாய்கள் ஏழு முயல்களைப் பிடித்துவிட்டன. சிலர் ஒன்பதென்பர், ஏழென்போரே மிகுதி. அரசன் இரு கைகளையும் ஏந்தி நின்றான்.

நின்றுகொண்டே இருந்தான்.

ஏழு புதர்களுக்குப் பின்னாலிருந்து எலும்பு நொறுங்கும் ஓசை வந்தது. "அம்பு, விடு" என்று ராயர் ஓடினார். நாள்தோறும் முயல் கொண்டுவந்து தருபவர் அதைப் பிடுங்க வருவது அம்புக்கு விளங்கவில்லை. பல்லைக் காட்டியது. ராயர் முயலின் ஒரு காதுடன் திரும்பினார்.

அப்பொழுது பல்லில்லாத கிழநாய் ஒன்று மெல்ல வந்து, தான் கவ்விவந்த முயலை அரசன் கையில் வைத்தது. முயலின் உடலில் கீறலே இல்லை. முயல் உயிரோடு அரசனைப் பார்த்தது.

"காதும் முயலின் பகுதியே," என்றார் ராயர்.

"அந்தக் காதைக் குழம்பு வைத்து உமக்கே அனுப்புகிறேன்," என்ற அரசன் காத்தாயியின் பக்கம் திரும்பினான். "இப்படி ஆகுமென்று உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மகாராசா. களி தின்னும் நாய்க்கு அடுப்பிலிருந்து வருவது சோறு. புதரிலிருந்து ஓடுவது வேலை. பச்சைக்கறி நாய்களுக்கோ ஓடுவதே சோறு. ராயர் நாய்களுக்குக் கெடுதல் செய்யவில்லை. அவை நன்றாகத்தான் இருக்கின்றன. உங்களுக்குத்தான் முயல் இல்லை."

"முன்பே சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் ஓநாயைப் பற்றித்தான் கேட்டீர்கள். முயலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை."

அரசன் குடிசையையும் கொட்டடியையும் அவள் பெயருக்குச் செப்பேட்டில் எழுதித் தந்தான். "இனி ராயரை என்ன செய்யலாம், நீயே சொல். எல்லை தாண்ட விடுவோமா?"

"வேண்டாம். அந்தப் பத்தும் இனி என் கையால் களி தொடா. ஊட்டிப் பழக்கியவர் முன்னே அமர்ந்து உண்டு காட்டினால்தான் நம்பும்."

அவ்வாறே ஆணை பிறந்தது. திருமேனிராயர் நாள்தோறும் காலையில் பட்டு அங்கவஸ்திரத்தை மடித்து வைத்துவிட்டு, பத்து நாய்களின் நடுவே சம்மணமிட்டு, அதே பானையிலிருந்து களி உண்டார். நாய்கள் அவரைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. காத்தாயி அகப்பையுடன் அருகில் நின்றாள்.

இருபதாம் நாள்தான் அம்பு களியில் வாய் வைத்தது. அதற்குள் ராயர், மோர் இன்னும் சிறிது புளித்திருக்கலாம் என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.