புன்னைத்துறை தாண்டும்போது

"வீட்டு நினைப்பை அறுக்க ஒரு வழி சொல்லும்மா," என்று கேட்டார் ஆவுடையப்பன். "சுத்தி வளைக்காம சொல்லு. ஒரே பேச்சு."

இலஞ்சியம் படகின் அடியில் தேங்கிக் கிடந்த மழைத்தண்ணீரைக் காட்டினாள். ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் இறைத்தார். பொழுது சாயும்வரை இறைத்தார். இடுப்பு விட்டுப்போயிற்று.

"வத்தலையே," என்றார்.

"மழை நிக்கலையே," என்றாள்.

சிரட்டையை ஆற்றில் விட்டெறியக் கையை ஓங்கினார். படகில் இருப்பது அந்த ஒரு சிரட்டைதான் என்று நினைவு வந்தது. மெதுவாகக் கீழே வைத்தார். எவ்வளவு கோபத்திலும் நஷ்டம் தெரிகிற மனுஷன் அவர்.

இலஞ்சியத்துக்கு வீடே அந்தப் படகுதான். ஓலைக்கூரை, ஒரு அடுப்பு, ஒரு சுக்கான். பானையும் வைக்கோலும் ஏற்றிக்கொண்டு ஆற்றில் மேலும் கீழும் போய்வருவாள். அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவள். ஆனாலும் மனசில் முள் தைத்தவர்கள் எல்லாம் அவள் படகைத் தேடித்தான் வருவார்கள். நல்ல பதிலாகச் சொல்லுவாள் என்று பேர்.

சீடனாகச் சேர்ந்த நாளிலிருந்து ஆவுடையப்பனுக்கு அப்படி ஒரு பதிலும் கிடைக்கவில்லை. சரக்கைப் பார்க்காமல் வாங்கிவிட்டோமோ என்று உள்ளூர ஒரு சந்தேகம்.

சின்ன வயசில் சந்தையில் மூட்டை தூக்கியவர். அடிபட்டார், ஏமாந்தார், ஏமாந்ததையே படிப்பாக்கிக்கொண்டு சொந்தமாகத் தேங்காய் மண்டி வைத்தார். சொன்ன விலையிலிருந்து ஒருநாளும் இறங்கியதில்லை.

மைத்துனன் மகள் கல்யாணத்தன்றும் இறங்கவில்லை. முகூர்த்தம் நெருங்குகிறது, மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இவர் வாசலில் மாலைக்காரனைப் பிடித்து நிறுத்திப் பேரம் பேசினார். மனைவி வடிவு அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டாள்.

"உமக்கு மனுஷங்களே கண்ணுக்குத் தெரியமாட்டாங்களா?"

ஒரு வரிதான். அவருக்கு அது போதும். இனிமேல் நம்ம ஊர்ப் புன்னைத்துறைப் படியில் காலை வைத்தால் நான் ஆவுடையப்பன் இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார். துறையில் இலஞ்சியத்தின் படகு நின்றது. ஏறிக்கொண்டார்.

அது கோடை. இப்போது ஐப்பசி பிறந்து ஆறு செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. விடியும்போது பக்கத்தில் வளையல் சத்தம் கேட்கும். கண்ணைத் திறந்தால், ஓலையில் மழை.

சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. ஆகவே நினைப்பைத்தான் தொலைக்க வேண்டும். அதில் அவர் தெளிவாகவே இருந்தார்.

பேரம் பேசிப் பார்த்தார். இந்த நினைப்பைப் போக்கிக் கொடுத்தால் மீன் தின்பதை விட்டுவிடுகிறேன் என்றார். அவள் அடுப்பை ஊதினாள். வெற்றிலையையும் சேர்த்துக்கொள் என்றார். அதற்கும் ஊதினாள். மழை ஓயும்வரை மௌனவிரதம் இருக்கிறேன் என்றபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மண்டியை விட்டுட்டு வந்தீங்க அண்ணாச்சி. தராசை மட்டும் கையோட கொண்டாந்துட்டீங்க."

ஆவுடையப்பன் சிரட்டையை எடுத்துக்கொண்டு இறைக்கப் போனார்.

படகு புன்னைத்துறையைத் தாண்டும்போதெல்லாம் ஆவுடையப்பன் கூரைக்குள் போய்விடுவார். துறை மறைந்த பிறகுதான் தலை வெளியே வரும். ஒருநாள் அதைப் பெருமையாகவே சொன்னார், இன்றைக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று.

"படகு சாயுதே," என்றாள்.

"என்னது?"

"மத்த துறையிலெல்லாம் நேராத்தான் போகுது. இங்க வந்தா மட்டும் கரைப்பக்கம் சாயுது. நான்தான் சுக்கானை மாத்திப் பிடிச்சுக்கிட்டிருக்கேன்."

கரைப்பக்கத்து ஓலையில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு இத்தனை நாளும் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அடுத்த முறை எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார், கடன்காரனுக்குக் காட்டுகிற மாதிரி கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"இப்ப அந்தப் பக்கம் சாயுது," என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

அதற்கடுத்த முறை நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பல்லைக் கடித்துக்கொண்டார். துறை போயிற்று. வெளியே வந்து ஜெயித்தவர் மாதிரி அவளைப் பார்த்தார்.

"சாயலை," என்றாள் இலஞ்சியம். "நடுங்குது."

புயல் பட்டப்பகலில் வந்தது.

இரண்டு பக்கமும் கோரைக்காடு, ஒதுங்க இடமில்லை. காற்று கூரையைப் பிடித்துக்கொண்டு படகையே புரட்டப் பார்த்தது. இலஞ்சியம் அரிவாளை எடுத்துக் கூரைக்கட்டுகளை வரிசையாக அறுத்தாள். கூரை பறந்து ஆற்றில் விழுந்தது. புயலில் ஓடக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். வீட்டைக் கொடுத்துவிட்டுப் படகை வைத்துக்கொள்வார்கள்.

இனி நான் எங்கே உட்காருவது என்று ஆவுடையப்பன் அலறினார்.

"வெளியில," என்றாள்.

மழைத்திரைக்குள் துறை ஒன்று தெரிந்தது. அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அங்கே வேண்டாம், வளைவு தாண்டி அடுத்த துறைக்குப் போவோம் என்று மன்றாடினார். அவள் இரண்டு கையாலும் சுக்கானைப் பிடித்திருந்தாள். கயிற்றுச் சுருளைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

புயல் நாளில் அந்தக் கரை ஜனங்கள் நனைந்துகொண்டு துறையில் நிற்பார்கள். எந்தப் படகிலிருந்து கயிறு வந்தாலும் பிடிப்பார்கள். பிடித்ததும் மரத்தில் ஒரு சுற்றுப் போட்டு இழுத்துக்கொண்டு, "கட்டவா, விடவா?" என்று கேட்பார்கள். எறிந்தவன் வாயால் சொல்ல வேண்டும். அவன் சொல்லாமல் முடிச்சுப் போட்டால் படகுக்கு ஆகாது. அது அந்த ஆற்று முறை.

ஆவுடையப்பன் எறிந்தார். கண்ணை மூடிக்கொண்டுதான் எறிந்தார்.

யாரோ பிடித்தார்கள். கண்ணைத் திறந்தபோது, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் படியில் நின்றாள்.

"கட்டவா, விடவா?"

கூரை இல்லை. மழையில் தெப்பமாக நனைந்து அத்தனை பேர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"நீ சொல்லும்மா," என்றார் இலஞ்சியத்திடம்.

"கயிறு எறிஞ்சது நான் இல்லையே."

அலை தூக்கித் தூக்கிப் போட்டது. அவர் கரையைப் பார்த்தார். வடிவு இளைத்திருந்தாள்.

"கட்டு," என்றார். அவருக்கே கேட்கவில்லை.

"கேக்கலை," என்று கரையிலிருந்து வந்தது.

"கட்டு."

"கேக்கலை."

ஆவுடையப்பன் எழுந்து நின்றார். மழை வாய்க்குள் அடித்தது. சந்தை முழுக்கக் கேட்கிற தொண்டையைத் திறந்தார்.

"கட்டு வடிவு. நான்தான். விட்டுறாதே. கட்டு." கடைசிச் சொல் பாதியில் உடைந்தது.

"கேக்கலை," என்றாள் வடிவு.

இதற்கு மேல் எப்படிக் கத்துவது என்று தெரியாமல் அவர் இலஞ்சியத்தைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் சுக்கானை எப்போதோ விட்டிருந்தாள். சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே மோவாயால் கரையைக் காட்டினாள். அங்கே கயிறு மரத்தைச் சுற்றி முடிச்சுமேல் முடிச்சாக இறுகிக் கிடந்தது. வடிவின் கைகள் வெறுமனே இருந்தன.