டேப் ஐயாவும் மூன்று ஹப்புகளும்

குன்னூருக்குக் கீழே, மலை இறங்கும் சாலையோரம் ஒரு சைக்கிள் கடை இருந்தது. அந்தக் கடையில் ஒரு அளவு டேப் இருந்தது. சுருண்டால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் லேசில் அடங்குகிற ஆள் இல்லை. கடையில் இருந்த சாமான்கள் எல்லாம் அதை 'டேப் ஐயா' என்றுதான் கூப்பிட வேண்டும். ஒரு நாள் ஸ்பேனர் வாய் தவறி வெறும் 'டேப்' என்று சொல்லிவிட்டது. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை ஐயா.

ஐயாவுக்கு ஒரு ரகசியம் உண்டு. போன மழைக்காலத்தில் ஷட்டரில் சிக்கி அதன் நுனி ஒரு சென்டிமீட்டர் துண்டாகிப் போனது. கொக்கியும் போயிற்று, பூஜ்யமும் போயிற்று. அதன் எண்கள் இப்போது ஒன்றிலிருந்துதான் ஆரம்பம். எதை அளந்தாலும் ஒரு சென்டிமீட்டர் கூட்டித்தான் சொல்லும். கடைக்காரன் போஜன், நுனி உள்ளே ஓடிவிடாமல் இருக்கச் சிவப்பு பிளாஸ்டிக் நாடா ஒன்றைச் சுற்றிவிட்டான். அளக்கும்போது ஒன்றைக் கழித்துக்கொண்டால் போச்சு என்றான். நாலு நாள் கழித்தான். அப்புறம் மறந்துவிட்டான்.

மறந்ததில் தப்பும் இல்லை. வருகிற சைக்கிள் எல்லாம் ஒரே மாதிரி. சீட் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்தால் யார் வந்து சண்டை போடப் போகிறார்கள்? டேப் ஐயாவோ அந்தச் சிவப்புக் கட்டைத் தலைப்பாகை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தது. பெரிய மனுஷர்களுக்குத்தான் அதெல்லாம் கட்டுவார்களாம்.

அப்படி இருக்கையில் புஷ்பராணி வந்தாள்.

புஷ்பராணி வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட் விற்கிறவள். தினமும் காலையில் சைக்கிளின் பின்னால் தகரப்பெட்டி நிறைய வர்க்கியைக் கட்டிக்கொண்டு, கீழே தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்புகளுக்கு இறங்குவாள். வழியில் ஏழாவது வளைவில் தோட்டத்துப் பிள்ளைகளின் பால்வாடி இருக்கிறது. போன மாதம் மழையில் அவளுடைய பழைய சைக்கிளின் ரப்பர் பிரேக் ஈரத்தில் வழுக்கிவிட்டது. எதிரே பிள்ளைகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். அவள் ஹாண்டிலை ஒடித்துத் தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தாள். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிதறிய வர்க்கியைப் பொறுக்கித் தின்றுவிட்டு, "நாளைக்கும் விழுவீங்களா?" என்று கேட்டார்கள். அவள்தான் அப்புறம் பத்து நாள் சைக்கிளில் ஏறவில்லை.

"போஜா, மழையிலயும் பிடிக்கிற பிரேக் வேணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும். மத்ததெல்லாம் உன் இஷ்டம்" என்றாள்.

போஜன் அவளுக்கென்றே ஒரு சைக்கிளைக் கட்ட ஆரம்பித்தான். நல்ல இரும்பு பிரேம் வாங்கினான். அதன் இடது பின்காலில் டிஸ்க் பிரேக்கைப் பொருத்தினான். முன்சக்கரம் தயார். பாக்கி இருந்தது பின்சக்கரத்து ஹப் மட்டும்தான். ஹப் என்றால் கம்பிகள் எல்லாம் வந்து சேருகிற நடுப்பாகம். அது பிரேமின் இரண்டு பின்கால்களுக்கு நடுவே கச்சிதமாக உட்கார வேண்டும். அதன் இடுப்பில் டிஸ்க் தட்டைத் திருகி மாட்ட வேண்டும். அந்தத் தட்டு பிரேக்கின் வாய்க்குள் உரசாமல் சுற்ற வேண்டும். மயிரிழை பிசகினாலும் பிரேக் கெட்டது.

போஜன் டேப்பை எடுத்துப் பின்கால்களின் இடைவெளியை அளந்தான். நூற்று நாற்பத்தைந்து மில்லிமீட்டர் என்றது டேப் ஐயா, கொஞ்சமும் கூசாமல். கோயம்புத்தூர் கடைக்காரருக்கு போன் போட்டான். அப்படி ஒரு அளவே கிடையாதேப்பா என்று அவர் குழம்பினார். கடைசியில் மூன்று ஹப்புகளைப் பஸ்ஸில் போட்டு அனுப்பி, பொருந்துவதை வைத்துக்கொண்டு மற்றதைச் சாயங்காலப் பஸ்ஸில் திருப்பி அனுப்பச் சொன்னார். போஜன் பார்சலைப் பிரித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். அவன் தலை மறைந்ததும் கடைக்குள் பேச்சு தொடங்கியது.

முதல் ஹப் பந்தய சைக்கிளுக்குச் செய்தது. மேலே 130 என்று பொறித்திருந்தது. என்ன பளபளப்பு! நகர்ந்தாலே டிக்டிக்கென்று சத்தம் வேறு. பிரேம் வாயைப் பிளந்து பார்த்தது. டிஸ்க் தட்டு மட்டும், தன்னைத் திருகி மாட்ட அதன் இடுப்பில் ஒரு ஓட்டைகூட இல்லையே என்று விசாரித்தது. வேகமாகப் போகிறவர்களுக்கு நிற்கிற யோசனை எதற்கு என்றது பளபளப்பு.

"இதை ஏழாவது வளைவுல போய்ச் சொல்லு" என்றது பிரேக். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டாவது ஹப் தடித்த ஆள். மேலே 141 என்று எழுதியிருந்தது. மூன்றாவதோ சாம்பல் நிறம், சத்தமில்லை, பகட்டில்லை. 135 என்று இருந்தது.

டேப் ஐயா கணக்குப் போட்டுத் தீர்ப்பு சொன்னது. தேவை 145. தடியனுக்கு நாலு மில்லிமீட்டர் குறைச்சல், அதை வாஷர்கள் பார்த்துக்கொள்வார்கள். சாம்பல் நிறத்தானுக்குப் பத்து குறைகிறது, அவன் பஸ் ஏறலாம். வாஷர்கள் என்கிற, ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள வட்டத் தகடுகள் டப்பாவில் எழுந்து நின்று, ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரே குரலில் தலையாட்டின. அதற்கு முன்னும் அவை வேறெதுவும் சொன்னதில்லை.

டிஸ்க் தட்டையும், பக்கத்துக்கு இரண்டாக நாலு வாஷர்களையும் மாட்டிக்கொண்டு தடியன் உள்ளே நுழைந்தான். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக வந்து உட்காருகிறவனைப் போல, "கொஞ்சம் தள்ளிக்குங்க, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று பிரேமின் கால்கள் இரண்டையும் பிளந்துகொண்டு உட்கார்ந்தான். பிரேமுக்கு உயிர் போயிற்று. ஆனாலும் 145 என்று ஊருக்கே சொல்லியாகிவிட்டதே, எப்படி வலிக்கிறது என்பது? நல்ல விசாலமாகத்தான் இருக்கிறது என்று கீச்சுக் குரலில் சொன்னது.

இடது கால் விரிந்ததில் அதில் இருந்த பிரேக்கும் கோணிக்கொண்டது. டிஸ்க் தட்டு அதன் தாடையில் கரகரவென்று உரசி அப்படியே சிக்கி நின்றது.

தப்பு பிரேக்கின் மேல்தான் என்றது டேப் ஐயா. போஜன் வந்ததும் கம்பியைக் கொடுத்து நெம்பி வளைத்துவிட்டால் நேராகிவிடுமாம்.

"வளைச்சா வளைஞ்சுக்கறேன். ஆனா அப்புறம் எனக்குப் பிடி இருக்காது. அந்தம்மா என்னை நம்பித்தான் நாளைக்கு இறங்கப் போறாங்க" என்றது பிரேக்.

பார்சல் பெட்டியில் கிடந்த சாம்பல் நிற ஹப்புக்கு அழுகையே வந்துவிட்டது. பிறந்த நாள் முதல் தன்னை 135 என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தது. டிஸ்க்கும் பிரேக்கும் இருக்கிற இந்த மாதிரி பிரேமுக்கென்றே தன்னைச் செய்தார்கள் என்று நம்பியிருந்தது. இப்போது பத்து குறைகிறதாம். இடுப்பில் இருந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டது. அப்போதுதான் அதற்கு ஒன்று உறைத்தது.

"ஐயா, ஒரே ஒரு விண்ணப்பம்" என்றது. "பிரேமை நீங்களே தொட்டு அளந்தீங்க. எங்களை அளக்கலை. எங்க மேல எழுதியிருந்ததைப் படிச்சுட்டுக் கழிச்சீங்க. என்னையும் ஒரு தடவை அளந்துடுங்க. பத்து குறையுதுன்னு உங்க வாயால சொல்லிட்டா நானே பஸ் ஏறிடறேன்."

டேப் ஐயா இருமியது. எழுதி வைத்ததை அளப்பது தன் தகுதிக்குக் குறைவு என்றது. இன்றைக்கு நாள் நன்றாக இல்லை என்றது. யார் விட்டார்கள்? வேறு யாராவது வற்புறுத்தியிருந்தால் தப்பித்திருக்கும். வற்புறுத்தியது வாஷர்கள்.

"அளந்துடுங்கய்யா! அந்தப் பயலோட மூக்கு உடையறதை நாங்க பாக்கணும்!"

சொந்த ஆட்கள் கேட்டால் மறுக்க முடியுமா? டேப் ஐயா வேண்டாவெறுப்பாக நீண்டு ஹப்பின் மேல் படுத்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். 145.

முதலில் சுதாரித்துக்கொண்டது வாஷர்கள்தான்.

"வளந்துட்டான்! ஐயா தொட்டதும் ஒரு சென்டிமீட்டர் வளந்துட்டான்!"

ஸ்பேனர் சிரித்த சிரிப்பில் ஆணியிலிருந்தே கீழே விழுந்தது. விழுந்த இடத்தில் இருந்தபடி, அப்படியானால் தடியனையும் ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டும் என்றது. அதற்குள் பிரேமுக்குப் பொறுமை போய்விட்டது. "எனக்கு 135தான். நூத்தி நாப்பத்தஞ்சுன்னு சொன்னதும் பெருமையா இருந்துது, அதான் வலியைப் பொறுத்துக்கிட்டேன்" என்று ஒப்புக்கொண்டு, கால்களைச் சேர்த்துத் தடியனை வெளியே துப்பியது. அப்பாடா என்று மூச்சு விட்டது. டிஸ்க் தட்டைத் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டு சாம்பல் நிற ஹப் உருண்டு வந்து நடுவில் உட்கார்ந்தது. வாஷர் வேண்டியிருக்கவில்லை. தட்டு பிரேக்கின் வாய்க்குள் சத்தமே இல்லாமல் சுற்றியது.

போஜன் புஷ்பராணியோடு வந்து சேர்ந்தான். ஹப் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, யார் இதை வைத்தது என்று திகைத்தான். நன்றாகத்தானே பொருந்தியிருக்கிறது, அப்புறம் என்ன யோசனை என்றாள் அவள். அவன் டேப்பை எடுத்து ஹப்பை அளந்தான். பொறித்திருந்த எண்ணைப் பார்த்தான். மறுபடி டேப்பைப் பார்த்தான். பிறகு மெதுவாக அந்தச் சிவப்பு நாடாவைப் பிரித்தான்.

"அக்கா, என்னை நாலு அறை அறையணும்" என்றான். "நூத்தி நாப்பத்தொண்ணைத்தான் திணிக்கலாம்னு இருந்தேன். உரசினா பிரேக்கை வளைச்சுக்கலாம்னு நினைச்சேன். நாளைக்கு ஏழாவது வளைவுல..."

புஷ்பராணி பிரேக்கை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். அன்று சாயங்காலம் மற்ற இரண்டு ஹப்புகளும் பஸ் ஏறின. போஜன் உட்கார்ந்து கம்பிகளைக் கோத்துச் சக்கரத்தை முடித்தான்.

மறுநாள் காலை நல்ல மழை. ஏழாவது வளைவில் பிள்ளைகள் வரிசையாக ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். புஷ்பராணி பிரேக்கைப் பிடித்தாள். சைக்கிள் அவர்களுக்கு நாலு முழம் தள்ளி, பிடித்த இடத்திலேயே நின்றது. ஒரு வர்க்கிகூட உடையவில்லை. "இன்னைக்கு விழலையா?" என்று பிள்ளைகளுக்கு ஏமாற்றம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்து, ஆளுக்கு ஒன்று கொடுத்தாள்.

கடையில் டேப் ஐயா தலைப்பாகை இல்லாமல் ஆணியில் தொங்கியது. பக்கத்து ஆணியில் புது டேப் ஒன்று வந்திருந்தது. இனிமேலாவது ஒரு சென்டிமீட்டர் குறைச்சல் என்று ஒப்புக்கொள்ளலாமே என்று ஸ்பேனர் தன்மையாகத்தான் கேட்டது.

"நான் எங்கே குறைஞ்சேன்?" என்றது டேப் ஐயா. "உலகந்தான் ஒரு சென்டிமீட்டர் வளந்திருக்கு."

"ஆமாங்கய்யா" என்றன வாஷர்கள். "நாங்களும் கவனிச்சோம்."