ஒத்தப் பாட்டு

விடிந்தால் வெள்ளிக்கிழமை. பவளக்கொடி தான் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்துக்கே விளையாட்டு டீச்சராக வந்து வருஷம் திரும்பவில்லை. அதற்குள் வம்பை விலை கொடுத்து வாங்கிவிட்டாள்.

அவள் படித்த காலத்தில் அங்கே ஒரு பழக்கம் உண்டு. ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்கிற பிள்ளை சடுகுடுக் கோட்டைத் தாண்டித் தனியாகப் பாடிப் போகவேண்டும். எதிரே பத்தாம் வகுப்பு அக்காமார் ஏழு பேர். சுற்றிலும் மொத்தப் பள்ளிக்கூடமும் மூச்சுக் காட்டாமல் நிற்கும். கேட்கிறது அந்த ஒரு பிள்ளையின் குரல்தான். ஒத்தப் பாட்டு என்று அதற்குப் பேர்.

நடுவில் எப்படியோ அது நின்றுபோயிருந்தது. இவளுக்கா மனசு கேட்கும்? பழைய மாணவிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சை எடுத்தாள். அடேயப்பா, என்ன கும்மாளம்! முட்டி சிராய்த்தது, பாவாடை கிழிந்தது, பிடிபட்டு மண்ணைத் தின்றது என்று ஆளாளுக்கு அள்ளிவிட்டார்கள். அந்தக் காலம் வருமா என்று உருகினார்கள். வெள்ளிக்கிழமை நடத்தலாம் என்று தலைமையாசிரியையும் தலையாட்டிவிட்டார்.

முதலில் பாடப்போவது இந்த வருஷம் ஆறாம் வகுப்பில் சேர்ந்த தன் மகள் சுடர்தான் என்று பெருமையாக அறிவித்ததும் இவளேதான். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. தூக்கத்தில் போர்வையைக் கடித்தது. இன்று காலையில் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது, பேச்சு வரவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். அதைக் கேட்ட பிறகுதான் பவளக்கொடிக்கு விஷயம் உறைத்தது.

சாயங்காலம் ரெபேக்காள் டீச்சர் வீட்டுக்கு ஓடினாள். இவளுக்குச் சடுகுடு சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ரிட்டயராகிப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே குடியிருந்தார். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டுக் கேட்டாள்.

"எங்க செட்டுல ஒருத்திகூட பயப்படலயே டீச்சர். இவளுக்கு மட்டும் ஏன் இப்படி?"

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு நடந்தார். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். நாளைக்கென்று போட்டிருந்த சுண்ணாம்புக் கோடு பளிச்சென்று தெரிந்தது. டீச்சர் அதைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றார்.

"பாடிட்டு வா."

பவளக்கொடிக்குச் சிரிப்புதான் வந்தது. ஜில்லா அளவில் கப் வாங்கினவளுக்கு இதெல்லாம் ஒரு காரியமா? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோட்டைத் தாண்டினாள்.

டீச்சர் அசையவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. எங்கேயும் ஒரு சத்தமில்லை. அந்த அமைதி இவள் காதை அடைத்தது. வாய் 'சடுகுடு' என்று அசைந்தது, குரல் எழும்பவில்லை. ஆறாம் வகுப்பில் தான் பாடவேண்டிய அன்றைக்குக் காலையில் பள்ளிக்கூடக் கக்கூசில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. யாரோ ஒரு அக்கா சடையைப் பிடித்து வெளியே இழுத்தாள். இத்தனை வருஷமாக இதெல்லாம் எங்கே போயிருந்தது?

பின்பக்கமாகவே கால் வைத்துக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

"நானும் பயந்திருக்கேன் டீச்சர்."

"ம்."

"பயந்தாலும் பாடிட்டுத் திரும்பி வந்தேன்லா. எல்லாரும்தான் வந்தோம். சுடரும் வந்திருவாள்லா?"

"எல்லாருமா?"

டீச்சர் கோட்டுக்குப் பக்கத்தில் மண்ணைக் கையால் காட்டினார்.

"நீ பத்தாவது படிக்கிறப்ப, பாட்டு வராம இந்த இடத்துலயே ஒரு பிள்ள உக்காந்துட்டு. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வரல. அப்புறம் வரவே இல்ல. அதோடதான் நான் இந்தப் பழக்கத்த நிறுத்தினேன். அன்னைக்கு எதுக்க நின்ன ஏழு பேர்ல நீயும் ஒருத்தி. அந்தப் பிள்ள பேரு என்னட்டி?"

பவளக்கொடி யோசித்தாள். ரெட்டைச் சடை தெரிந்தது. அந்தப் பிள்ளை உட்கார்ந்த இடத்தில் மண் நனைந்தது தெரிந்தது. மூச்சுக் காட்டாமல் நின்ற பள்ளிக்கூடம் கொல்லென்று சிரித்ததும், தானும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் நினைவுக்கு வந்தன. பேர் மட்டும் வரவில்லை. முகமும் வரவில்லை. முகத்தைத் தேடத் தேட அங்கே சுடர்தான் உட்கார்ந்திருந்தாள்.

"ஞாபகம் இல்ல டீச்சர்."

"உனக்கு மறந்துட்டு" என்றார் டீச்சர். "இந்த ஜூன் மாசம் அவ தன் மகள இங்க சேக்கத்தான் கூட்டிட்டு வந்தா. மைதானத்துல விசிலோட நின்ன உன்னப் பாத்ததும் பிள்ளையக் கையில பிடிச்சுக்கிட்டு கேட்டோட திரும்பிட்டா."