மீட்டர் இல்லாத மிதவைகள்

பெரிய எண்ணெய்க் கப்பல்கள் கரைக்கு வர முடியாது. ஆழமான இடத்திலேயே நின்றுவிடும். அங்கிருந்து படகுத்துறை வரை தண்ணீர்மேல் கிடக்கும் தடித்த ரப்பர் குழாய் வழியாக எண்ணெய் வரும். குழாய் கனமானது, தானாக மிதக்காது. அதைச் சுற்றி மிதவைகளைப் பூட்ட வேண்டும்.

துறைமுகத்துக்குத் தெற்கே அப்படி மிதவைகள் செய்யும் பட்டறை ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் சண்பகவல்லி. எதைச் சொல்வதானாலும் தரையில் சாக்பீஸால் வரைந்துதான் சொல்வார். அதனால் எல்லோரும் அவரை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். குரு என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுவார்.

அந்தப் பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. மிதவையைச் செய்தவர் தன் வாயால் "இறக்கு" என்று சொல்லாமல் எதுவும் கடலுக்குப் போகாது.

அம்புரோஸ் அங்கே கற்றுக்கொள்ள வந்தார். டீச்சரைவிட வயதில் மூத்தவர். முன்பு வேறோர் இடத்தில் மிதவைகளை வடிவமைத்தவர். அவருடைய மிதவைகள் ஒரு புயலில் தண்ணீர் குடித்தன, குழாய் கடலடியில் போய்ப் படுத்துவிட்டது. அதைத் தூக்குவதற்குக் கயிறு கட்ட ஒரு டைவர் இறங்கினான். மேலே வந்தபோது இடது காது கேட்காமல் போயிருந்தது. டைவரின் பெயர் கஸ்பார். அம்புரோஸின் மனைவிக்குத் தம்பி.

இனி ஆழத்துக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூப்பிட்டால் போவேன் என்று கஸ்பார் சொல்லிக்கொண்டிருந்தான்.

"என்ன கத்துக்கணும்ணே?" என்று டீச்சர் கேட்டார்.

"மூழ்காத மிதவை செய்யணும் டீச்சர்."

"அப்படி ஒண்ணு இருக்கா?"

"இல்லையா?"

"செஞ்சு கொண்டாங்க. பாப்போம்."

அம்புரோஸ் செய்தார். கெட்டியான பிளாஸ்டிக், உள்ளே காற்று. ஒரு மிதவையிலிருந்து அடுத்ததற்கு விரல் தடிமனில் ஒரு சிறு குழல். இப்படி எல்லா மிதவைகளையும் கோத்து, கடைசி முனையில் ஒரு பிரஷர் மீட்டரைப் பொருத்தினார்.

"எந்த மிதவையில காத்து இறங்கினாலும் முள்ளு காட்டிக்குடுத்துடும். படகுத்துறையில நின்னே பாத்துக்கலாம்" என்றார்.

ஒரு துண்டுக் குழாயில் அவற்றைப் பூட்டி, பட்டறையின் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். அழகாக மிதந்தது. டீச்சர் குத்தூசியை எடுத்து நடுவில் இருந்த மிதவையில் ஒரு குத்து குத்தினார்.

காற்று சீறியது. அம்புரோஸ் மீட்டரிடம் ஓடினார்.

"பாத்தீங்களா! இறங்குது! உடனே சொல்லிருச்சு!"

"சொல்லிருச்சு. இப்ப?"

இருவரும் நின்று பார்த்தார்கள். குத்துப்பட்ட மிதவை தண்ணீருக்குள் போனது. பக்கத்து மிதவையின் காற்று சிறு குழல் வழியாக வந்து அதே ஓட்டையில் வெளியேறியது. பிறகு அதற்கும் பக்கத்தில் இருந்தது. கையில் இருந்த டீயை அவர்கள் குடித்து முடிப்பதற்குள் குழாய் முழுவதும் தொட்டியின் அடியில் கிடந்தது. முள் பூஜ்யத்தில் நின்றது.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுத் தூக்கோடு கஸ்பார் வந்தான். காது போனதிலிருந்து அவன் எதையும் சத்தமாகத்தான் பேசுவான்.

"என்ன அத்தான், தொட்டிக்குள்ளயும் முக்கிட்டீங்களா? இதுக்கும் நான்தான் இறங்கணுமா?"

அம்புரோஸ் தூக்கை வாங்கி வைத்தார். சாப்பிடவில்லை.

"நடுவுல வால்வு வெச்சா டீச்சர்? ஒண்ணு போனா அடுத்தது அடைச்சுக்கும்."

"உப்புத்தண்ணியில வால்வு இறுகாம இருக்கணுமே."

"அது நல்லா இருக்கான்னு பாக்க இன்னொரு மீட்டர்..." என்று தொடங்கிய அம்புரோஸ் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அந்தச் சின்னக் குழல் எதுக்குண்ணே?"

"எல்லாம் நல்லா இருக்கான்னு தெரியணும்ல?"

"யாருக்கு?"

அம்புரோஸ் தொட்டிக்குள் கையை விட்டு மீட்டரை வெளியே எடுத்தார். அதைச் சட்டையில் துடைத்தார்.

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு துண்டு ஃபோமைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். அம்புரோஸ் அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். கசகசா அளவில் அறைகள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் காற்று. ஓர் அறையிலிருந்து அடுத்ததற்கு வழி இல்லை. கத்தியால் கீறித் தண்ணீரில் போட்டார். கீறிய இடத்து அறைகள் மட்டும் நனைந்தன. மற்றவற்றுக்கு எதுவும் நடந்த மாதிரியே இல்லை.

மழைக்காலம் முழுவதும் அம்புரோஸ் அதிலேயே இருந்தார். முதலில் எடுத்த ஃபோம் மிகவும் மிருதுவானது. ஆழத்தில் இருக்கும் அழுத்தத்தைக் கொடுத்தபோது நசுங்கியது, நிமிரவில்லை. அடுத்தது விறைப்பானது. அலைக்கு வளைவதுபோல வளைத்தபோது வெடித்தது. நசுங்கி நிமிர்கிற ஒன்று கடைசியில் கிடைத்தது. அதைக் குழாயின்மேல் அடுக்கடுக்காகச் சுற்றி, வெளியே ரப்பர் தோல் போட்டார். படகைத் தள்ளும் பழைய விசிறி ஒன்றால் அதை வெட்டிப் பார்த்தார். வெட்டுப்பட்ட மிதவையைக் கல் கட்டிக் கடலில் போட்டு வைத்தார். வெகுநாள் கழித்துக் கல்லை அவிழ்த்தபோது பாசியும் சிப்பியும் ஒட்டிக்கொண்டு மேலே வந்தது. வந்து மிதந்தது.

"இறக்கலாமா டீச்சர்?"

"நீங்கதான் சொல்லணும்."

குழாயைக் கடலுக்குக் கொண்டுபோகிற நாள் காலையில் இழுவைப் படகு வந்து நின்றது. கஸ்பார் அதில் கயிறு பிடிக்கும் வேலையில் இருந்தான். டீச்சர் கொட்டகைக்குள் வந்தபோது அம்புரோஸ் குழாயின்மேல் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் ட்ரில், மறு கையில் சின்னதாக ஒரு மீட்டர்.

"என்னண்ணே இது?"

"ஒண்ணே ஒண்ணு டீச்சர். இந்த ஒரு மிதவையில மட்டும். உள்ள ஈரம் ஏறினா காட்டும். சின்ன ஓட்டைதான்."

"மிதவை கேட்டுச்சா?"

"நான் கேக்கறேன்."

"வெட்டிப் பாத்தீங்க. நசுக்கிப் பாத்தீங்க. முக்கியும் பாத்தாச்சு."

"அதெல்லாம் இங்க. அங்க போனப்புறம்?" அம்புரோஸின் குரல் இறங்கியது. "இது கீழ போச்சுன்னா அவன்தான் குதிப்பான். யார் சொன்னாலும் நிக்கமாட்டான். வீட்டுல அவ மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? இது நல்லா இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"உங்க மிதவைங்க எத்தனையோ கடல்ல கிடக்கு. அதெல்லாம் இப்ப எப்படி இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"அப்புறம் எப்படித் தூங்கறீங்க?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார்.

"சில நாள் தூக்கம் வராது. அதுக்காக மிதவையில ஓட்டை போட முடியுமா?"

படகு ஒலி எழுப்பியது.

"அத்தான்! வெயில் ஏறுது!" என்று கஸ்பார் கத்தினான். "இறக்கவா, இல்ல வீட்டுக்குப் போய்த் தூங்கவா?"

அம்புரோஸ் ட்ரில்லைக் கீழே வைத்தார். குழாயிலிருந்து இறங்கி வெளியே வந்து ஒரு வார்த்தை சொன்னார்.

கஸ்பார் தலையைத் திருப்பி வலது காதில் கையைக் குவித்தான்.

"கேக்கல! இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க!"

அம்புரோஸ் முழங்கால் வரை தண்ணீருக்குள் நடந்துபோய் இன்னொரு தடவை சொன்னார். குழாய் நகரத் தொடங்கியது.